விண்டோஸ் 10 நிண்டிட்டுது, டெபியன் 13 வந்திட்டுது: எங்கட பழைய கணினிகளுக்கு எதைப் போடலாம்?

கோப்பாய்_குழு

எல்லாருக்கும் வணக்கம். எங்கட கணினிப் பாவனையாளர் குழுவின்ர அடுத்த கூட்டத்தில விண்டோஸுக்குப் பதிலாப் போடக்கூடிய திறந்த மூல ஒப்பரேட்டிங் சிஸ்டங்கள் (லினக்ஸ்; டெபியன், மின்ட் ரெண்டும் அதின்ர வகைகள்) பற்றின புதினங்களை ஒரு தாளில அச்சடிச்சுக் குடுக்கப்போறம். வாறவையில கனபேர் இன்னும் விண்டோஸ் 10 தான் பாவிக்கினம். 2025 ஒக்டோபர் 14 ஓட அதுக்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட் நிண்டிட்டுது. நீடிப்புத் திட்டத்தில சேர்ந்தாலும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும்தான். விண்டோஸ் 11 ஏத்த ரிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதி வேணும், இன்ரெல் எண்டால் 8ஆம் தலைமுறை புரொசெசராவது வேணும். எங்கட ஆக்களின்ர மெசின் ஒண்டும் அதுக்குள்ள அடங்காது.

கையில இருக்கிறது மூண்டு வகை. கோர் 2 டுவோ டெஸ்க்ரொப், 2 ஜிபி ராம், 32-பிட் விண்டோஸ். 4ஆம் தலைமுறை ஐ3 லப்ரொப், 4 ஜிபி ராம், பழைய ஹாட் டிஸ்க். அட்டம் புரொசெசர் போட்ட சின்ன நெற்புக்.

கேள்விகள் இவைதான். டெபியன் 13 இல 32-பிட் (பழைய வகைப் புரொசெசர்) கணினிக்கு இடமில்லையெண்டு சொல்லுகினம். அப்ப முதலாவதையும் மூண்டாவதையும் கைவிடவேண்டியதுதானோ? டெபியனோ மின்ட்டோ நல்லது? திருவிழா நோட்டீஸ், நினைவு மலர், சங்கக் கடிதம் எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு வைச்சிருக்கிற ஆக்கள் லினக்ஸுக்கு வந்தால் அந்தக் கோப்புகள் என்னாகும்?

அரியாலை_டெபியன்

32-பிட் விசயத்தை உங்கட தாளில முதல் பந்தியிலயே போடுங்கோ. நல்ல மெசினுகளைச் சனம் பழைய இரும்புக்குப் போடுறது இந்தக் குழப்பத்தாலதான்.

டெபியன் 13, பெயர் ட்ரிக்ஸி, 2025 ஓகஸ்ட் 9 வெளிவந்தது. அதில 32-பிட் கணினிக்கு இன்ஸ்டோலரும் இல்லை, கேர்னலும் (சிஸ்டத்தின்ர மையப் பகுதி) இல்லை. 32-பிட் பக்கேஜ்கள் (செயலிப் பொதிகள்) கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஆனால் அவை 64-பிட் சிஸ்டத்துக்குள்ள பழைய புரோகிராம் ஓட்டுறதுக்கு மட்டும். அதனால 32-பிட் டெபியன் 12 ஓடுற மெசினை 13க்கு ஏத்த வெளிக்கிடவே கூடாது.

உங்கட கோர் 2 டுவோ இந்தக் கணக்கிலயே வராது. கோர் 2 டுவோ எல்லாமே 64-பிட் புரொசெசர். ராம் குறைவெண்டபடியால் ஆரோ அதில 32-பிட் விண்டோஸ் போட்டிருக்கினம், அவ்வளவுதான். விண்டோஸ் செட்டிங்ஸில சிஸ்டம், அதுக்குள்ள அபவுட் எண்ட பக்கத்தைத் திறந்தால் "32-பிட் ஒப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புரொசெசர்" எண்டு ஒரு வரி நிக்கும். முன்பாதி இப்ப போட்டிருக்கிற விண்டோஸைச் சொல்லுது, பின்பாதி புரொசெசரைச் சொல்லுது. பின்பாதியை மட்டும் பாருங்கோ. எக்ஸ்64 எண்டிருந்தால் டெபியன் 13 உம் மின்ட் 22 உம் ஏறும். எக்ஸ்86 எண்டிருந்தால்தான் அது உண்மையில 32-பிட்.

நெற்புக்கில மொடல் நம்பரைப் பார்க்கவேணும். அட்டம் என்270, என்280 ரெண்டும் 32-பிட். என்450, என்455 ரெண்டும் 64-பிட். வெளித்தோற்றத்தில வித்தியாசமே தெரியாது. 32-பிட் எண்டு உறுதியானால் டெபியன் 12 போடலாம். அதுக்கு நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட் 2028 யூன் வரைக்கும் இருக்கு. ஆனால் பிரவுசர் அதுவரை தாங்காது. 32-பிட் லினக்ஸுக்கு பயர்பொக்ஸ் 144 தான் கடைசி, அதின்ர நீண்டகாலப் பதிப்பான இஎஸ்ஆர் 140 ஐப் பாவிச்சால் 2026 செப்டெம்பர் வரை போகலாம். குரோம் 2016 இலேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டிட்டுது. ஆகவே அந்த நெற்புக்கில பாங்க் வேலை, மெயில் ஒண்டும் வேண்டாம். தட்டச்சுக்கும் கணக்குக்கும் இன்ரநெற் இல்லாமல் வைச்சிருக்கலாம்.

டெபியனோ மின்ட்டோ எண்டால், ஐ3 லப்ரொப்புக்கு மின்ட் 22, யோசிக்கத் தேவையில்லை. அது உபுண்டு 24.04 இல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும். மின்ட் கேக்கிறது ஆகக் குறைஞ்சது 2 ஜிபி ராம், நல்லா ஓட 4 ஜிபி, டிஸ்க்கில 20 ஜிபி. 2 ஜிபி டெஸ்க்ரொப்புக்கு டெபியன் 13 உம் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூரி எண்ட பாரமில்லாத திரை இடைமுகமும் நல்லது.

அந்த 2 ஜிபி மெசினில ஒரு விசயத்தைக் கட்டாயம் கவனிக்கவேணும். டெபியன் 13 இலிருந்து டிஎம்பி எண்ட தற்காலிகக் கோப்புறை டிஸ்க்கில இல்லை, ராமில இருக்கு. ராமின்ர பாதிவரைக்கும் அது எடுக்கலாம். பெரிய ஸிப் (சுருக்கி வைச்ச) கோப்பொண்டை அதுக்குள்ள விரிச்சால் 1 ஜிபி அப்பிடியே போய், மவுஸே அசையாமல் நிக்கும். சனம் "லினக்ஸ் இறுகிப்போச்சு" எண்டு சொல்லும். டெர்மினலில (கட்டளை அடிக்கிற சாளரம்) ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பாவனையாளராக) நிண்டு சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட் எண்டு அடிச்சு ரீஸ்ராட் செய்தால் பழையபடி டிஸ்க்குக்குப் போயிடும். அதோட இசட்ராம்-டூல்ஸ் பக்கேஜைப் போட்டு, அதின்ர கொன்பிக் கோப்பில பேர்சென்ற் 50, அல்கோரிதம் இசட்எஸ்ரிடி எண்டு வையுங்கோ. ராமில கிடக்கிறதைச் சுருக்கி வைக்கிறபடியால் பிரவுசரில நாலைஞ்சு பக்கம் கூடத் திறக்கலாம்.

காசு செலவழிக்கிறதெண்டால் முதல் எஸ்எஸ்டி, பிறகு ராம். ஐ3 லப்ரொப்பில 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியே போதும். ராம் வாங்கேக்க கவனம்: 4ஆம் தலைமுறை லப்ரொப்புக்கு 1.35 வோல்ற் டிடிஆர்3எல் தான் வேணும். கடையில சாதாரண 1.5 வோல்ற் டிடிஆர்3 தந்தால் பொருந்தும், ஆனால் திரை வராது. பழைய ராமைக் கழட்டிக் கையோட கொண்டுபோய்க் காட்டுறதுதான் சரி.

நல்லூர்_கேர்னல்

அண்ணை வடிவா எழுதியிருக்கிறார். நான் ஏத்துற பக்கத்தைச் சொல்லுறன்.

மின்ட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டோல் செய்யிற முழுக்கோப்பு) 3 ஜிபிக்குக் கிட்ட வரும், 8 ஜிபி பென்ட்ரைவ் எடுங்கோ. டவுன்லோட் முடிஞ்ச உடன எழுதாதேங்கோ. தளத்தில குடுத்திருக்கிற எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையோட (கோப்பு முழுசா வந்ததோ எண்டு காட்டுற குறியீடு) ஒப்பிடுங்கோ. மொபைல் டேட்டாவில இறக்கேக்க கோப்பு இடையில வெட்டுப்படுறது வழமை. அப்பிடிப்பட்டதை எழுதினால் இன்ஸ்டோல் பாதியில நிண்டு, "ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை" எண்டு வரும். பிறகு பென்ட்ரைவையும் டிஸ்க்கையும் சந்தேகப்பட்டு நேரம் போகும்.

ரூஃபஸ் எண்ட விண்டோஸ் செயலியால பென்ட்ரைவில எழுதேக்க டெபியன் ஐஎஸ்ஓ எண்டால் டிடி மோட் தெரிவு செய்யுங்கோ. எழுதி முடிஞ்ச பிறகு விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபோமற் செய்யவேணும்" எண்டு கேக்கும். கான்சல் குடுங்கோ. ஓம் குடுத்தால் எழுதினது அழிஞ்சிடும்.

விண்டோஸை வைச்சுக்கொண்டு பக்கத்தில லினக்ஸ் போடுற ஆக்களுக்கு முன்வேலை இருக்கு. விண்டோஸுக்குள்ள நிண்டு பாஸ்ற் ஸ்ராட்டப்பை நிப்பாட்டவேணும். அது நிக்காட்டில் ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்திலதான் கிடக்கும். லினக்ஸ் அந்தப் பாட்டிசனை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. பிட்லொக்கர் (விண்டோஸின்ர டிஸ்க் பூட்டு) இருந்தால் ரிக்கவரி கீயைத் தாளில எழுதி வைச்சிட்டு, பிறகு அதை நிப்பாட்டுங்கோ. இடத்தைச் சுருக்கிறதையும் விண்டோஸின்ர டிஸ்க் மனேஜ்மென்ற்றாலேயே செய்யுங்கோ.

சில லப்ரொப்பில இன்ஸ்டோலர் டிஸ்க்கையே காணாது, அல்லது "ஆர்எஸ்ரியை நிப்பாட்டு" எண்டு சொல்லும். பயோஸில (கணினி தொடங்கேக்க வாற அடிப்படை அமைப்பு) சாட்டா மோட் ரெய்ட் (இன்ரெலின்ர ஆர்எஸ்ரி) எண்டு இருக்கிறதுதான் காரணம். அதை நேரே ஏஎச்சிஐக்கு மாத்தினால் விண்டோஸ் நீலத்திரை அடிக்கும். முதல்ல விண்டோஸை சேஃப் மோட்டில தொடங்கிற மாதிரி வைச்சு, ரீஸ்ராட்டில பயோஸுக்குள்ள போய் ஏஎச்சிஐ ஆக்கி, சேஃப் மோட்டில ஒருக்கா ஏறவிட்டு, பேந்து சாதாரணமா விடுங்கோ.

இன்னொண்டு, பென்ட்ரைவை எந்த மோட்டில தொடங்கிறியளோ அந்த மோட்டிலதான் லினக்ஸ் ஏறும். விண்டோஸ் யூஇஎஃப்ஐயில (புது முறை) இருக்க, பென்ட்ரைவை லெகசியில (பழைய முறை) தொடங்கினால் ரெண்டும் ஒரே மெனுவில வராது. பூட் மெனுவில ஒரே பென்ட்ரைவ் ரெண்டு தரம் தெரிஞ்சால், முன்னுக்கு யூஇஎஃப்ஐ எண்டு போட்டிருக்கிறதைத் தெரியுங்கோ.

"இன்ஸ்டோல்" ஐக்கனை அமத்துறதுக்கு முன்னம் லைவ் மோட்டில வைஃபை, சத்தம், திரையின்ர வெளிச்சம் எல்லாம் சோதியுங்கோ. டிஸ்க்ஸ் எண்ட செயலியில ஸ்மார்ட் விபரத்தையும் திறந்து, ரீஅலோக்கேட்டட் செக்டர் எண்ட இடத்தில பூச்சியமோ எண்டு பாருங்கோ. அது ஏறிக்கொண்டு போற டிஸ்க்கில எதைப் போட்டாலும் நிக்காது. புரோட்கொம் வைஃபை சிப் இருந்தால் வைஃபை வராமல் இருக்கலாம். போனை யூஎஸ்பி வயரால குடுத்து ரெதரிங் போட்டால் லினக்ஸ் அதை வயர் நெற்வேர்க்காக எடுக்கும். அதால இணைஞ்சு டிரைவர் மனேஜரில டிரைவரைப் போடலாம்.

தாளுக்கு இன்னொரு புதினமும் இருக்கு. செக்யூர் பூட்டுக்கு (கையொப்பம் இல்லாத சிஸ்டத்தைத் தொடங்க விடாத பாதுகாப்பு) மைக்ரோசொஃப்ற் 2011 இல வெளியிட்ட சான்றிதழ்கள் 2026 யூனிலிருந்து காலாவதியாகுது. அதைக் கேட்டு ஆரும் பதற வேண்டாம். பூட் ஆகேக்க பேம்வெயர் காலாவதித் திகதியைப் பார்க்கிறதில்லை, ஏற்கெனவே கையொப்பம் இட்ட லினக்ஸ் பூட்லோடர் தொடர்ந்து ஏறும்.

கொக்குவில்_வன்பொருள்

கோர் 2 டுவோ டெஸ்க்ரொப்புகளில முதல் செய்யவேண்டியது மதர்போர்ட்டில இருக்கிற சிஆர்2032 பற்றரியை மாத்துறது, 3 வோல்ற், ரவுணில எந்தக் கடையிலயும் எடுக்கலாம். அது செத்திருந்தால் ஒவ்வொரு நாளும் திகதி பழைய வருசத்துக்குப் போகும். பிறகு பிரவுசரில எல்லாத் தளமும் "சான்றிதழ் பிழை" எண்டு சொல்லும், அப்டேட் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகேல்லை" எண்டு நிக்கும். நெற்வேர்க் பிழையெண்டு நினைச்சு ரவுட்டரைப் போட்டு உருட்ட வேண்டாம்.

பக்கத்தில விண்டோஸும் இருக்கிற மெசினில விண்டோஸ் நேரம் சரியா ஐஞ்சரை மணித்தியாலம் பிந்திக் காட்டினால் அது பற்றரி இல்லை. லினக்ஸ் மணிக்கூட்டை யூரிசி (உலகப் பொது) நேரத்தில வைக்கும், விண்டோஸ் இலங்கை நேரமெண்டு வாசிக்கும். டெர்மினலில டைம்டேட்சிடிஎல் செற்-லோக்கல்-ஆர்ரிசி 1 எண்டு குடுத்தால் ரெண்டும் ஒத்துப்போகும்.

கரண்ட் போற இடத்தில யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்ரொப்பில பெரிய அப்டேட் ஓடவிடாதேங்கோ. இடையில நிண்டு போனால் மின்ட்டில பயப்படத் தேவையில்லை. கணினி தொடங்கேக்க வாற கிரப் மெனுவில அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ரிக்கவரி மோட், அதுக்குள்ள டிபிகேஜி எண்டதைக் குடுங்கோ. பாதியில நிண்ட பக்கேஜுகளை அதுவே முடிச்சு வைக்கும்.

கோப்பாய்_குழு

நன்றி அண்ணைமார். எக்ஸ்64 விசயம் ஒண்டே தாளுக்குப் பெறுமதி. பாமினி பற்றி ஆரும் சொல்லேல்லை. எங்கட ஆக்கள் மாறப் பயப்பிடுறது அதுக்குத்தான்.

சுன்னாகம்_எழுத்துரு

பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல தமிழ் உருவம் வரைஞ்ச எழுத்துரு. "அம்மா" எண்டு திரையில தெரியிற சொல், கோப்புக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டுதான் கிடக்கு. அதனால லினக்ஸில திறந்த உடன ஆங்கிலக் குழப்பமாத் தெரிஞ்சால் கோப்பு பழுதாப்போச்செண்டு நினைக்க வேண்டாம். எழுத்துரு மட்டும் இல்லை. விண்டோஸ் மெசினின்ர ஃபொன்ற்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி ரிரிஎஃப் கோப்பை எடுத்து வந்து, லினக்ஸில ரெண்டு தரம் கிளிக் செய்து இன்ஸ்டோல் குடுங்கோ. லிப்ரேஒஃபிஸை மூடித் திறந்தால் நோட்டீஸ் பழையபடி தெரியும். விண்டோஸை அழிக்கிறதுக்கு முதல் அந்த எழுத்துருக்களை பென்ட்ரைவில எடுக்கச்சொல்லித் தாளில தடித்த எழுத்தில போடுங்கோ. பிறகு தேடினால் பெயர் ஒண்டா இருந்தும் அமைப்பு வேறான எழுத்துருதான் கிடைக்கும்.

பாமினியிலேயே தொடர்ந்து அடிக்கிற ஆக்களுக்கு லிப்ரேஒஃபிஸில ஒரு ஆபத்து இருக்கு. வசனத்தின்ர முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில சின்ன எம் அ, பெரிய எம் ஆ. "அன்பு" எண்டு தொடங்கின வசனம் "ஆன்பு" ஆயிடும். அடிக்கிறவர் தன்ர விரலில பிழையெண்டு நினைச்சுத் திருப்பித் திருப்பி அடிப்பார். டூல்ஸ் மெனுவில ஓட்டோகரெக்ற் ஒப்ஷன்ஸைத் திறந்து, வசன முதலெழுத்தைப் பெரிசாக்கிறதையும், சொல்லில ரெண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துறதையும், மேற்கோள்குறி மாத்துறதையும் நிப்பாட்டிவிடுங்கோ.

யூனிகோடுக்கு மாத்தேக்க முழுக் கோப்பையும் எழுத்து மாத்திற கருவியில போடாதேங்கோ. இடையில இருக்கிற ஆங்கிலப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தமிழ்க் குப்பையாப் போயிடும். ஃபைன்ட் அன்ட் ரிப்ளேஸில ஃபோமற்றுக்குள்ள போய் எழுத்துருவை பாமினி எண்டு தெரிஞ்சு ஃபைன்ட் ஓல் குடுத்தால் பாமினிப் பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றை மட்டும் மாத்துங்கோ. கனக்கக் கோப்பு இருந்தால் ஓப்பன்-தமிழ் எண்ட பைத்தன் நூலகத்தில பாமினியை யூனிகோட் ஆக்கிற வசதி இருக்கு. மூலக் கோப்பை அழியாதேங்கோ. பேர்களிலயும் வடமொழி எழுத்துகளிலயும் பிழை வரும், ஒருவர் பக்கத்தில வைச்சு ஒப்புநோக்கத்தான் வேணும்.

விசைப்பலகைக்குப் பயப்படத் தேவையில்லை. எம்17என் எண்ட விசைப்பலகைப் பக்கேஜுக்குள்ள ரெங்கநாதன், தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு எல்லாம் இருக்கு. பாமினியில பழகினவைக்கு ரெங்கநாதன்தான், விரல் மாத்தவேண்டி வராது. டெபியனில க்னோம் இடைமுகம் எண்டால் ஐபஸ்-எம்17என் போட்டு, வெளியேறித் திரும்ப உள்நுழைஞ்சு, கீபோட் செட்டிங்ஸில இன்புற் சோர்ஸாகச் சேருங்கோ. வெளியேறாமல் தேடினால் பட்டியலில அது வராது. கன பேர் "லினக்ஸில தமிழ் இல்லை" எண்டு சொல்லிக் கைவிடுறது இந்த இடத்திலதான்.

லிப்ரேஒஃபிஸில யூனிகோட் தமிழ் எழுத்தின்ர பருமன் மாறாட்டில் காரக்டர் பெட்டியைத் திறந்து பாருங்கோ. மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பருமனும், சிக்கலான எழுத்துக்கு இன்னொரு பருமனும் இருக்கும். தமிழ் ரெண்டாவதுக்குள்ள வரும்.

கொக்குவில்_வன்பொருள்

பிரின்ரர் பற்றியும் ஒரு சொல். எப்சன் எல் வரிசைக்கு பிரின்ரர்-டிரைவர்-ஈஎஸ்சிபிஆர் பக்கேஜ் போதும். எச்பி லேசர்ஜெற் பி1102க்கு எச்பிலிப் எண்ட எச்பி டிரைவரோட தனிப் பிளகின் ஒண்டும் இறக்கவேணும், அதுக்கு இன்ரநெற் தேவை. கெனன் எல்பிபி2900 கப்ட் எண்ட சொந்த மொழி பேசுறது, லினக்ஸில செருகின உடன ஓடாது, டிரைவரைத் தனியாப் போட்டு மல்லுக்கட்டவேணும். அச்சு வேலையை நம்பியிருக்கிற ஆள், கையில எல்பிபி2900 இருந்தால், விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில வைச்சுப் பார்க்கிறதுதான் நல்லது.

நெடுந்தீவு_லிங்க்

இங்க சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அப்டேட் முழுக்க மொபைல் டேட்டாவில இறக்க ஏலாது. ரவுணுக்கு வந்து போறபோது பென்ட்ரைவில கொண்டுவர வழி இருக்கோ?

நல்லூர்_கேர்னல்

இருக்கு தம்பி. மின்ட்டில சினப்டிக் (பக்கேஜ் இறக்கி ஏத்துற செயலி) ஏற்கெனவே போட்டிருக்கும், டெபியனில போட்டுக்கொள்ளுங்கோ. முதல்ல உங்கட மெசினில பட்டியலை மட்டும் ரீலோட் செய்யுங்கோ, அது பெரிய டேட்டா எடுக்காது. பிறகு அப்டேட் எல்லாத்தையும் மாக் செய்து, அப்ளை குடுக்காமல், ஃபைல் மெனுவில "பக்கேஜ் டவுன்லோட் ஸ்கிரிப்ற்" உருவாக்கிறதைக் குடுங்கோ. சின்னக் கோப்பொண்டு வரும். அதை ரவுணில லினக்ஸ் ஓடுற மெசினொண்டில ஓட்டினால் பக்கேஜ் எல்லாம் அந்தக் கோப்புறைக்குள்ள இறங்கும். கொண்டுபோய் அதே ஃபைல் மெனுவில "இறக்கின பக்கேஜுகளைச் சேர்" குடுங்கோ. இடையில கனநாள் விடாதேங்கோ. களஞ்சியத்தில (பக்கேஜ் வைச்சிருக்கிற சேர்வரில) புதுப் பதிப்பு வந்தால் ஸ்கிரிப்றில இருக்கிற பழைய பதிப்பின்ர முகவரி வேலை செய்யாது. ஃபிளாற்பக் (களஞ்சியத்துக்கு வெளியால வாற பொதி) செயலி ஒண்டும் போடாதேங்கோ, அதின்ர அப்டேட் நூற்றுக்கணக்கான எம்பி எடுக்கும், சினப்டிக்காலயும் கொண்டுவர ஏலாது.

கோப்பாய்க் குழுவுக்கும் இதோட சேர்த்து ஒண்டு. ஒரே இடத்தில பத்து மெசின் ஏத்திறதெண்டால் ஒரு மெசினில அப்ட்-காச்சர்-என்ஜி போடுங்கோ, போர்ட் 3142. மற்ற மெசினுகளின்ர அப்ட் புரொக்சியை அதுக்குத் திருப்பினால் ஒரு பக்கேஜ் ஒருதரம்தான் வெளியிலிருந்து இறங்கும். எச்ரிரிபிஎஸ் களஞ்சியங்கள் அதில சேமிக்கப்படாது, ஆனால் டெபியனும் மின்ட்டும் வழமையா எச்ரிரிபியில தான் இருக்கு. எல்லா மெசினும் ஒரே டிஸ்ரோ (லினக்ஸ் வகை), ஒரே பதிப்பா இருந்தால்தான் மிச்சம் பிடிக்கலாம்.

கோப்பாய்_குழு

அப்ப எக்ஸ்64 வரியைப் படத்தோட முன்பக்கம் போடுறம், எழுத்துருக்களை எடுத்து வைக்கிறதை அதுக்குக் கீழ. கூட்டத்துக்கு வாற ஆக்களை மெசினோட பழைய கோப்பு ஒண்டும் பென்ட்ரைவில கொண்டுவரச் சொல்லுறம். சுன்னாகம் அண்ணை, உங்கட ஓட்டோகரெக்ற் பந்தியை அப்பிடியே பின்பக்கம் போடலாமோ?

சுன்னாகம்_எழுத்துரு

தாராளமாப் போடுங்கோ. பிரதி எடுக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா லிப்ரேஒஃபிஸில திறந்து மெனுப் பெயர்களைச் சரிபாருங்கோ. தமிழ் இடைமுகம் போட்டிருக்கிற மெசினில அந்த மெனு "கருவிகள்" எண்டு இருக்கும்.